டயர் கடையில் பல் டாக்டர்

ஏரிக்கு நடுவில் பூட்டு ரிப்பேர்க் கடை வைத்தவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ரயில் தண்டவாளத்தின் மேல் அழகு நிலையம், கல்லறைத் தோட்டத்துக்குள் உடற்பயிற்சிக் கூடம், ஒரே மின்கம்பத்தைச் சுற்றி வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனிகள் ஒரு டஜன். நேரில் இல்லை, மேப்பில்.

இணையத்தில் ஒரு மேப் இருக்கிறது. அதை வரைவது எந்தக் கம்பெனியும் இல்லை, உங்களையும் என்னையும் போன்ற ஆட்கள்தான். தெரிந்த தெருவைப் போடலாம், தெரிந்த கடையைப் போடலாம், தப்பாக இருந்தால் திருத்தலாம். சம்பளம் கிடையாது, கைதட்டல்கூடக் கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான்: கண்ணால் பார்த்ததை மட்டும் போடு. இவ்வளவு சின்னச் சட்டத்தையும் மதிக்காத ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு விளம்பரக்காரர்கள் என்று பெயர்.

நான் கூரியர் கம்பெனியில் போன் எடுக்கிறவள். "அட்ரஸ் இருக்கு, வீடு இல்ல" என்று வண்டிக்காரர்கள் கத்துவதை ஒரு காதிலும், "வீடு இருக்கு, பார்சல் வரல" என்று வாடிக்கையாளர்கள் கத்துவதை இன்னொரு காதிலும் நாள் முழுக்க வாங்குகிறவள். மேப்பில் ஒரு புள்ளி தப்பாக விழுந்தால் எத்தனை பேர் வெயிலில் அலைவார்கள் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனால் சாயங்காலம் வந்து சமையலை முடித்ததும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பொய்ப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிவேன். மேப்பில் என் பெயர் குளவி. கொட்டினால் வலிக்கட்டும் என்றுதான் வைத்தேன். ஊர்க் குப்பையை அள்ளத் தெரிகிறது, அலமாரியை அடுக்கத் தெரியவில்லை என்பார் என் வீட்டுக்காரர்; வீட்டில் அவருக்கு மட்டும்தான் இது தெரியும். அலமாரி அவருடையது, அவர் அடுக்கட்டும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், இவர், அத்தை, அதாவது என் மாமியார், பிறகு சின்னவன். சின்னவன் என்றால் இவருடைய தம்பி, என் கொழுந்தன். வேலை என்ற ஒன்று அவனிடம் ஒட்டவே ஒட்டாது. தண்ணீர் வடிகட்டி விற்றான், வடிகட்டி ஒழுகியது. செல்போன் கடையில் நின்றான், கடையையே மூடிவிட்டார்கள். சோம்பேறி என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும், பிள்ளை மாடாக உழைப்பான். அவன் கால் வைத்த இடமெல்லாம் அப்படி, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "எங்க சின்னவன் மேப்புல வேலை பாக்கறான்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மேப் என்றதும் எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனால் அத்தைக்கு டிவியில் மழை எங்கே பெய்யும் என்று காட்டுவதும் மேப்தான், டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயும் மேப்தான். அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும், ஆகாவிட்டால் அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்று மட்டும் தெரியும். வீடே அந்தத் தேதியை எதிர்பார்த்துக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேப்பில் பளிச் பல் மருத்துவமனை முளைக்க ஆரம்பித்தது. "உலகத் தரம். துளியும் வலி இல்லை. இரவும் பகலும் சேவை. இன்றே அழையுங்கள்." ஒரு இடத்தில் இல்லை, திரும்பின தெருவிலெல்லாம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்று, பாலத்துக்கு அடியில் ஒன்று. இந்த ஊரில் இத்தனை பல் டாக்டர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு பல்தான் கிடைக்கும். நான் அழிப்பேன், மறுநாள் அதே இடத்தில் நிற்கும். மறுபடி அழிப்பேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும். அந்த வாரம் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் ஓயாமல் பேசின.

ஒரு சாயங்காலம் மேஜையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஆபீஸ் வேலை பாக்கி இருக்கிறது என்று தன் லேப்டாப்போடு சின்னவன். நடுவில் முறுக்கு இல்லாத குறைதான், அவ்வளவு ஒற்றுமை. நான் ஒரு பளிச்சை அழித்தேன். எதிரே "ச்சே" என்று சத்தம் வந்தது. இன்னொன்றை அழித்தேன். எதிரே தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு விரல் அப்படியே நின்றுவிட்டது. அவனைப் பார்த்துக்கொண்டே மூன்றாவதையும் அழித்தேன். சின்னவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

என்னப்பா ஆச்சு என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"குளவின்னு ஒருத்தன் அண்ணி. நான் போடப் போட அழிச்சுக்கிட்டே இருக்கான். வேலைவெட்டி இல்லாத கிழவனா இருக்கணும். பொண்டாட்டி சோறு போட மாட்டா போல, அந்தக் கோவத்தை எங்கிட்ட காட்டறான்."

எனக்குச் சிரிப்பு வந்ததா, ஆத்திரம் வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரி அங்கெல்லாம் நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டேன். இருப்பது ஒன்றே ஒன்றுதானாம், ஊரின் மறுகோடியில். எந்தத் தெருவில் தேடினாலும் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி தெரியவேண்டும், போன் வந்தால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். மாதக் கடைசியில் மேனேஜர் மேப்பைத் திறந்து பார்ப்பார், போட்ட புள்ளிகள் அழியாமல் நின்றால் வேலை நிரந்தரம், நிற்காவிட்டால் வீட்டுக்கு. இதைச் சொல்லிவிட்டு அவன் கேட்டான்: "ஒரு புள்ளிதானே அண்ணி, அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

வாய்வரை வந்துவிட்டது. குளவி நான்தான் என்று சொல்லி அவன் காதைத் திருகியிருக்க வேண்டும். ஆனால் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தான் என்று பார்த்தேன். கயிறு சிக்காமல் சுற்றி, முகம் மேலே தெரிய. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். இவருக்கு முதலில் அரை மணி நேரம் சிரிக்கத்தான் முடிந்தது. அப்புறம், அவன் வேலை நிரந்தரமாகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொள், அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டு என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது போல. கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதோடு நிற்கவில்லை. மேப்பில் என்னோடு குப்பை அள்ளுகிற மற்றவர்கள், குளவிக்கு உடம்பு சரியில்லையா, உங்கள் பகுதியில் பளிச் காடாகக் கிடக்கிறதே என்று கேட்டபோது, நானே நேரில் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாரும் கை வைக்க வேண்டாம் என்று எழுதினேன். நான் எழுதினால் நம்புவார்கள். நம்பினார்கள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான்தான்.

சின்னவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அந்தக் கிழவன் செத்துட்டான் போல அண்ணி என்றான். ஆயுசு கெட்டியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தன் போனில் புள்ளிகளைக் காட்டினான். இது நான் போட்டது, இதுவும் நான் போட்டது, இதோ நம்ம வீட்டிலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி, இதுவும் நான்தான். அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவருடைய போனிலும் அந்த மேப்பைப் போட்டுக் கொடுத்தான்.

மாதக் கடைசிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அத்தை வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயும் போகிறவர் இல்லை. போனால் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, போகிற இடத்தின் வரலாற்றையும் சொல்லிவிட்டுத்தான் போவார். எதிர்வீடும் பூட்டியிருந்தது. போன் செய்தேன், அணைந்திருந்தது. இவருக்கு வெளியூர் வேலை. சின்னவன் வந்து சேர்ந்தான், அவனுக்கும் தெரியவில்லை. கடைத்தெரு, பூங்கா, அத்தையின் தோழி வீடு என்று அவன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். அப்போதுதான் எதிர்வீட்டு அம்மா கடையிலிருந்து பையோடு வந்தார். மத்தியானமே போனாரே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார், தூரம் இல்லை, பக்கத்தில்தான் என்று சாவியைக் கொடுத்தார்.

கன்னம். பக்கத்தில்தான். நான் சின்னவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தான்.

இரண்டு தெரு தள்ளி, புள்ளி இருந்த இடத்தில் ஒரு டயர் கடை. வாசலில் கறுப்புக் கறுப்பாக டயர் அடுக்கியிருந்தது. உள்ளே காற்றடிக்கிற மெஷின் தடதடத்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு டயர்களின் மேல், செய்தித்தாளை விரித்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது. பாதி குடித்த டீ பக்கத்தில் ஆறிக் கிடந்தது.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். நீங்கள்தான் இவர் பிள்ளைகளா, நல்லவேளை வந்தீர்கள் என்றார். இங்கே டாக்டர் கிடையாது என்று அவர் சொல்லாத விதமில்லையாம். வாரத்துக்கு நாலு பேர் இப்படி வாயைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், திட்டிவிட்டுப் போய்விடுவார்கள், இவர் மட்டும் போகவே மாட்டேன் என்கிறார் என்றார். போன் நம்பராவது கேட்டேன், அது போனுக்குள் இருக்கிறது என்கிறார், போனில் சார்ஜ் இல்லை, மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்றார்.

அத்தை அவரைக் கண்டுகொள்ளவில்லை. சின்னவனைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. வீங்கின வாயால் மெதுவாகப் பேசினார்.

"வந்துட்டியா. நீயே இவருக்குச் சொல்லு. டாக்டரே இல்லங்கறார். எம்புள்ள போட்டிருக்கான், எப்படி இல்லாம போகும்னு கேட்டேன். இவருக்குத் தெரியாம மாடியில கீடியில இருக்கும். நீ கொஞ்சம் காட்டு."

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அந்தப் புள்ளியை அவன் போட்டான், சரி. நிற்க விட்டது யார்? கை வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதியது யார்? மாடியே இல்லாத அந்தத் தகரக் கூரையை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தையைப் பார்க்கத் தைரியம் இல்லை.

சின்னவன் அத்தையின் முன்னால் தரையில் குந்தினான். வெள்ளைச் சட்டை, கீழே கிரீஸ், அதையெல்லாம் அவன் யோசிக்கவில்லை.

"இங்க டாக்டர் இல்லம்மா. நான் பொய்யாத்தான் போட்டேன். எல்லாமே பொய்தான்."

அத்தை அவனையே பார்த்தார். அப்புறம் கடைக்காரரைப் பார்த்தார். மத்தியானத்திலிருந்து உங்கள் தொழிலைக் கெடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம்தான் முதலில் சொன்னார். கடைக்காரர் பதறிப்போய், அதனால் என்னம்மா, நீங்கள் உட்கார்ந்த நேரத்தில் வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது என்றார். நல்ல மனுஷர். நிஜமான பல் டாக்டர் எங்கே என்று அவர்தான் வழி சொன்னார். மருந்துக்கடைக்குப் பின்னால், மேப்பில் இல்லாத ஒரு சந்தில்.

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அத்தை வாயில் பஞ்சோடு திரும்பினார். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. பஞ்சு இருந்ததால் பேசவில்லையா, பேசப் பிடிக்காததால் பேசவில்லையா என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் தவித்தோம். வீட்டுக்குள் போனதும் படுக்கப் போய்விட்டார்.

சின்னவன் நேராக மேஜைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தான். நான் எதிரே உட்கார்ந்து என்னுடையதைத் திறந்தேன். டயர் கடைப் பளிச் மறைந்தது. பாலத்தடிப் பளிச் மறைந்தது. பள்ளிக்கூடத்து மைதானம் காலியானது. மேப்பில் எதை அழித்தாலும் காரணம் எழுதவேண்டும். அவன் எழுதியிருந்தான்: "நான் போட்டது. பார்க்காமல் போட்டது."

அதற்குள் இவரும் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார், உள்ளே போய் அம்மாவைப் பார்த்தார், திரும்பி வந்து தம்பி தோளில் கை வைத்தார். அந்த டயர் கடைப் புள்ளிதான் போய்விட்டதே, மற்றதை மாதக் கடைசிவரை விட்டுவை, வேலையையும் பார்க்கவேண்டும் இல்லையா என்றார். மனசைத் தொட்டுச் சொல்கிறேன், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, நான் வாயைத் திறக்கவில்லை.

"அங்கேயும் யாரோட அம்மாவாவது உக்காந்திருப்பாங்கண்ணா" என்றான் சின்னவன். விரல் நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அந்தக் குளவி ஆளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நிறையத் திட்டியிருக்கிறேன் என்றான். எதையோ தட்டினான். என் லேப்டாப் டிங் என்றது. அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் அதைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன். திரையில் குளவி என்று பெரிதாக என் பெயர், அதற்குக் கீழே "ஐயா, வணக்கம்" என்று அவனுடைய கடிதம்.

"பொண்டாட்டி சோறு போட மாட்டான்னு சொன்னேனே அண்ணி" என்றான்.

"சோறு போடறதே நான்தான்" என்றேன். "உன் வேலைக்காகத்தான் அழிக்காம விட்டேன். தப்பு உன்னோடது பாதி, என்னோடது பாதி. நகரு, சேர்ந்து அழிப்போம்."

இவர் சிரித்த சிரிப்பில் உள்ளே அத்தை எழுந்துவிட்டார். எல்லாவற்றையும் அழித்து முடித்த பிறகு, மேப்பில் மற்றவர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். யாரும் கோபிக்கவில்லை. ஒருவர் மட்டும், மாமியார் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

மாதக் கடைசியில் சின்னவன் அதே இஸ்திரிச் சட்டையோடு போனான். மேனேஜர் மேப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தக் குளவி ஒன்றைக்கூட விடவில்லையா என்று கேட்டாராம். இல்லை சார், நான்தான் அழித்தேன் என்றானாம். மேனேஜருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லையாம். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. யோசித்துப் பார்த்துவிட்டு, அட்டையைக் கொடுத்துவிட்டுப் போ என்றிருக்கிறார்.

மத்தியானமே வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்தான். வேலை போய்விட்டது என்று அம்மாவிடம் நேராகவே சொன்னான். அத்தை சரி என்றார். பல்லைப் பிடுங்கின நாளிலிருந்து அவர் அவனிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அன்றைக்கு எனக்கு விடுமுறை, சமையலறையிலிருந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரத்தை உருட்டக்கூட மனசு வரவில்லை.

அப்போது எதிர்வீட்டு அம்மா வந்தார். தையல் மெஷின் மக்கர் செய்கிறது, சரி செய்கிறவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, ஏதோ கடைத்தெருப் பக்கம் ஒருவர் இருப்பதாகக் கேள்வி என்று அத்தையிடம் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கா இதைக் கேட்க வேண்டும்? சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அத்தை அவனைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "எங்க சின்னவனைக் கேளுங்க. அவன் இருக்குன்னா இருக்கும்."

சின்னவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்திருக்கும், எனக்கு அவனைத் தெரியும், யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வராது.

"தெரியலம்மா" என்றான். "நான் பாத்ததில்ல. போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினான். அத்தை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க, வந்துடுவான் என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.